எடைக்கல் எப்படித் தூங்கியது?

நேற்று இரவு நன்றாகத் தூங்கினீர்களா?

"ஓ, அடித்துப்போட்டாற்போல" என்றோ, "எங்கே, பக்கத்து வீட்டு நாய் விட்டால்தானே" என்றோ சட்டென்று பதில் வந்தால் நீங்கள் பழைய இனம். உங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. பேச்செல்லாம் புதிதாகப் பெருகிவரும் இன்னோர் இனத்தைப் பற்றி. இவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். உடனே வாயைத் திறக்கமாட்டார்கள். "ஒரு நிமிஷம்" என்று சுட்டுவிரலை உயர்த்துவார்கள், சட்டைக் கையை மேலே ஏற்றுவார்கள், மணிக்கட்டில் கட்டியிருக்கும் கறுப்புக் கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டுவார்கள், அது கண் விழிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள், பிறகு ராத்திரி முழுக்க அந்த உடம்புக்குள் குடியிருந்தவர் வேறு யாரோ என்பதுபோல, "அறுபத்திரண்டு. சுமார்தான்" என்று அறிவிப்பார்கள். தூங்கியது அவர்தான். விஷயம் தெரிந்தது கடிகாரத்துக்கு.

இவர்களைக் கண்டுபிடிப்பதற்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. நாம் கொட்டாவி விட்டால் "தூக்கம் வருது" என்போம். இவர்கள் கொட்டாவி விட்டால், "நேத்து என்னோட ஆழ்ந்த உறக்கம் நாப்பத்தோரு நிமிஷம்தான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் துக்கம் சொல்வார்கள். புத்துணர்ச்சியோடு எழுந்து, ஜன்னலைத் திறந்து, சீட்டியடிக்க உதட்டைக் குவிக்கிற நேரத்தில் திரையில் ஐம்பத்தைந்து என்று கண்டால் போதும். சீட்டி காற்றாகிவிடும், தோள் தொங்கிவிடும், முழங்காலில் எங்கிருந்தோ ஒரு வலி கிளம்பும். அதற்கு மாறாக, விடிய விடியப் புரண்டு, கண் இரண்டும் கோவைப்பழமாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்த அன்றைக்கு எழுபத்தெட்டு என்று வந்துவிட்டால் நெஞ்சு நிமிர்ந்துவிடும். உடம்பின் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இவர்கள் கட்சி. அது பாவம், சொந்த விருப்பு வெறுப்பு உள்ளது அல்லவா?

இந்த இனத்தில் ஒருவரை அருகில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் தராசுக்காரரைத்தான் பார்க்க வேண்டும்.

தராசுக்காரர் என்பது கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர். உத்தியோகத்தில் அவர் முத்திரை ஆய்வாளர். ஊரில் எந்தக் கடையில் எந்தத் தராசு இருந்தாலும், அது வருஷத்துக்கு ஒரு முறை அவர் கையால் சோதிக்கப்பட்டு, முத்திரை குத்தப்பட்டால்தான் ஒரு கத்தரிக்காயையாவது எடை போட முடியும். தோளில் ஒரு கனமான பை. பைக்குள் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் நீல வெல்வெட் மெத்தையில், அவரவர் அளவுக்குக் குடைந்த குழிகளில், வரிசையாகப் படுத்திருக்கும் பித்தளை எடைக்கற்கள். அவற்றை வெறுங்கையால் தொட விடமாட்டார். விரல் பட்டால் வியர்வை ஒட்டும், வியர்வைக்கும் எடை உண்டு என்பார்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் கடைக்காரர்களிடம் கேட்டுவந்தது ஒரே ஒரு கேள்வி. "சார், இந்த மெஷின் ஒரு கிராம்கூட தப்பு காட்டினதில்ல" என்று எந்தக் கடைக்காரர் மார்தட்டினாலும், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, "எதோட ஒப்பிட்டுப் பார்த்தீங்க?" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பதில் சொன்ன கடைக்காரர் இதுவரை பிறக்கவில்லை. தராசைத் தராசிடமே விசாரிக்கக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். காலித் தட்டு பூஜ்யம் காட்டுகிறதா, அதே கல்லை மூன்று முறை வைத்தால் மூன்று முறையும் அதே எடை வருகிறதா, தட்டின் நாலு மூலையிலும் ஒரே பதில் சொல்கிறதா என்று குடைந்து குடைந்து பார்ப்பார். அளக்கும் கருவி எதையும் நம்பாத மனிதர்.

அப்படிப்பட்டவர் மணிக்கட்டில்தான் நாலு மாதத்துக்கு முன்னால் அந்தக் கடிகாரம் ஏறியது.

கொடுத்தவர் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். பிறந்தநாள் பரிசு. "இதைக் கட்டிக்கிட்டுப் படுத்தா நீங்க எப்படித் தூங்கினீங்கன்னு காலையிலே நூத்துக்கு எத்தனைன்னு மார்க் போடும், மாமா" என்றார். "நீ கட்டிக்கலையா?" என்று கேட்டதற்கு, "நான் விக்கிறவன் மாமா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார். அந்தப் பதிலைத் தராசுக்காரர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் கடிகாரத்தால் நல்லதுதான் நடந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் குடிக்கிற அந்த மூன்றாவது டீதான் ராத்திரி அவரைக் கூரையைப் பார்க்க வைக்கிறது என்பது வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்தது, விட்டுவிட்டார். கண்ட நேரத்தில் படுத்தவர் ஒரே நேரத்துக்குப் படுக்கப் பழகினார். அதோடு கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஆனால் மதிப்பெண் என்று ஒன்று வந்துவிட்டால் மனிதனுக்கு அடுத்த மதிப்பெண் வேண்டும். அறுபத்தைந்து வந்தது. எழுபது வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரே ஒரு நாள் எழுபத்துமூன்று வந்து தொலைத்தது. அன்றோடு வீட்டின் நிம்மதி போயிற்று.

ஏழு மணிக்குச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். எட்டுக்குமேல் தொலைக்காட்சி கூடாது. அதன் நீல வெளிச்சம் தூக்கத்தைத் தின்கிறதாம். எட்டரைக்குமேல் வாக்குவாதம் கூடாது, நாடித்துடிப்பு ஏறுகிறதாம். மனைவி சண்டை போட விரும்பினால் ஏழேகாலிலிருந்து எட்டரை மணிக்குள் போட்டுக்கொள்ளலாம். படுக்கை அறையில் விளக்கே கூடாது. இந்தக் கடைசிச் சட்டம்தான் கொடுமை, ஏனென்றால் அவர் மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவர்.

பயணிகள் அந்த அம்மாளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விடியற்காலை முதல் பஸ் அவருடையது. மூன்றே முக்காலுக்கு எழ வேண்டும். பதினாலு வருஷமாக எழுகிறார். இருட்டில் தடவித் தடவிச் சீருடையைப் போட்டுக்கொண்டு, ஒரு நாள் இடது காலில் கறுப்பும் வலது காலில் பழுப்புமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார். நடத்துநர் மாலைவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். தராசுக்காரர் அதைக் கேட்டு வருத்தப்பட்டார். "நீ எழுந்திருக்கிற அந்த நேரத்துலதாம்மா என்னோட கனவு உறக்கம் உடையுது" என்றார்.

டிரைவரம்மாவுக்கு ஒரே ஆசை இருந்தது. டிப்போவுக்குப் புதிதாக ரெட்டை வண்டிகள் வந்திருந்தன. இரண்டு பஸ்ஸை ஒன்றாக இணைத்து, நடுவில் ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு வைத்த நீள வண்டி. அது காலை எட்டு மணிக்குத்தான் கிளம்பும். அதை ஓட்டுகிறவர் ஆறு மணிவரை தூங்கலாம். அதற்காக வருஷத்துக்கு ஒரு தடவை தேர்வு வைப்பார்கள்; இரண்டே பேரை எடுப்பார்கள். போன வருஷம் டிரைவரம்மா கடைசி வளைவில், வழி காட்ட நிறுத்தியிருந்த பீப்பாய்களில் ஒன்றை உரசிவிட்டார். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஓய்வு பெறும்வரை மூன்றே முக்கால்தான்.

பார்த்தீர்களா, அந்த வீட்டில் தூக்கத்துக்காக உண்மையிலேயே போராடிக்கொண்டிருந்தவர் யார் என்று? அவரிடம் கடிகாரம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

தேர்வுக்குப் பத்துப் பதினோரு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, தராசுக்காரர் ஒரு மளிகைக்கடையில் தராசைச் சோதித்துக்கொண்டிருந்தார். கொட்டாவியோ கொட்டாவி. மளிகைக்கடைக்காரர், "என்ன சார், ராத்திரி தூங்கலையா?" என்று சாதாரணமாகக் கேட்டார். தராசுக்காரர் சுட்டுவிரலை உயர்த்தினார், கையை ஏற்றினார், தட்டினார்.

"அம்பத்தெட்டு" என்றார்.

"எது சார் அம்பத்தெட்டு?"

"தூக்கம். நூத்துக்கு."

கடைக்காரர் வெங்காய மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே அதைக் கொஞ்சம் மனசுக்குள் போட்டு உருட்டினார். "அது சரியாத்தான் போடுதுன்னு எப்படி சார் தெரியும்?"

"அதான் காட்டுதே."

"காட்டுது சார். அதை எதோட ஒப்பிட்டுப் பார்த்தீங்க?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. வருஷா வருஷம் கேட்ட கேள்வி, நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது, வந்துவிட்டது. ஆனால் தராசுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்திரண்டு வருஷ உத்தியோகம் மொத்தமும் திரும்பி நின்று அவரைப் பார்த்ததுபோல் இருந்தது. மூன்றாவது மூலையில் வைத்த கல்லை நாலாவது மூலைக்கு மாற்றவே மறந்துபோனார்.

சோதித்துவிடுவது என்று முடிவு செய்தார். முதல் சோதனை, காலித் தட்டுச் சோதனை. எடை எதுவும் இல்லாதபோது தராசு பூஜ்யம் காட்ட வேண்டும். அதுபோல, தூங்குகிறவர் யாரும் இல்லாதபோது கடிகாரமும் பூஜ்யம் காட்ட வேண்டும். அந்த மாதம் சந்தைச் சுற்று, அலுவலகம் போகாமல் நேராகக் கடைகளுக்குப் போகிற வேலை என்பதால் பை வீட்டிலேயே இருந்தது. ஒரு கிலோ எடைக்கல் கிட்டத்தட்ட மணிக்கட்டுப் பருமன்தான். அதை மெல்லிய தோல் துணியில் சுற்றி, மேலே கடிகாரத்தைக் கட்டி, வெல்வெட் பெட்டியில் படுக்க வைத்து, மூடியைச் சாத்திவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அன்றைக்குத் தான் எப்படித் தூங்கினோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்த்தார்.

தொண்ணூற்றொன்று.

"அருமை!" என்றது திரை. ஆழ்ந்த உறக்கம் மூன்று மணி பத்து நிமிஷம். நாடித்துடிப்பு ஐம்பத்திரண்டு, விளையாட்டு வீரருக்கு உரியது. இரவில் விழித்தது ஒரு முறை, இரண்டு நிமிஷம் மட்டும். உங்கள் வயதுடைய நூறு பேரில் தொண்ணூற்றாறு பேரைவிட நீங்கள் நன்றாக உறங்குகிறீர்கள். இதே வழக்கத்தைத் தொடருங்கள்.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றி எறிந்திருப்போம். தராசுக்காரருக்குள் இருந்த முத்திரை ஆய்வாளரும் ஒரு கணம் எழுந்து நின்றார். இதே தப்பை ஒரு கடைத் தராசு செய்திருந்தால் அங்கேயே தள்ளுபடி முத்திரை குத்தியிருப்பார். ஆனால் அடுத்த கணம் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது வேறு. பொறாமை. நாலு மாதமாக டீயை விட்டு, தொலைக்காட்சியை விட்டு, சண்டையைக்கூட விட்டு, அவர் எட்டிப்பிடித்தது எழுபத்துமூன்று. இது நேற்று ஒரே நாள் படுத்தது, தொண்ணூற்றொன்று!

கடிகாரம் தப்பு என்று ஒப்புக்கொண்டால் நாலு மாதச் சட்டதிட்டங்களும் கவிழ்ந்துவிடும். வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அதனால் அவர் வேறு வழியில் யோசித்தார். இந்த எடைக்கல் அப்படி என்ன செய்கிறது? இருட்டில் படுக்கிறது. வெல்வெட்டில் படுக்கிறது. நேராகப் படுக்கிறது. புரள்வதில்லை. யாரோடும் பேசுவதில்லை. டீ குடிப்பதே இல்லை.

சிரிக்காதீர்கள். அன்று மாலையே போய் ஒரு நீல வெல்வெட் போர்வை வாங்கிவந்தார்.

அன்றிலிருந்து தராசுக்காரர் தூங்கிய அழகே அழகு. கழுத்துவரை போர்வை, கை இரண்டும் உடம்போடு ஒட்டியபடி, கால் இரண்டும் சேர்த்து வைத்தபடி, கூரையை நோக்கி, அசைவில்லாமல். எட்டு மணிக்குமேல் வாயே திறப்பதில்லை. டிரைவரம்மா எதையாவது கேட்டால் கண்ணால் பதில் சொல்வார். மதிப்பெண் என்னவோ அறுபத்து நாலு, அறுபத்தாறு, அறுபத்தைந்து என்றே வந்தது. பழகப் பழக வரும், அந்தக் கல்லுக்கு எத்தனை வருஷப் பயிற்சி இருக்கிறதோ என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

இதோடும் நிற்கவில்லை. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் மைத்துனர் கடைக்குப் போய் இன்னொரு கடிகாரம் கேட்டார்.

"அக்காவுக்கா?" என்று மைத்துனர் வாயைப் பிளந்தார். "மாமா, அவ தலையணையைத் தூரத்துல பார்த்தாலே தூங்கிடுவா."

"தூங்கறது பெரிசில்ல. எப்படித் தூங்கறோம்னு தெரியணும்."

டிரைவரம்மா முதலில் மறுத்தார். பிறகு, எதற்கு வம்பு, ஆசைப்பட்டு வாங்கிவந்திருக்கிறார் என்று கட்டிக்கொண்டார். ஆனால் காலையில் எண் என்ன என்று பார்த்ததில்லை. மூன்றே முக்காலுக்கு எழுகிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? தராசுக்காரரும், தேர்வு நாள் எண்தான் முக்கியம் என்று விட்டுவைத்திருந்தார்.

தேர்வு நாள் வந்தது. புதன்கிழமை. பத்து மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் முதல் பஸ்ஸுக்கு வேறு ஆள். ஆறு மணிக்கு வெளிச்சத்தில் எழுகிற சுகத்திலேயே டிரைவரம்மா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார், தலை பின்னினார், ஒரே நிறத்தில் இரண்டு செருப்பையும் எடுத்து வைத்தார், டீ போட்டார். தராசுக்காரர் மனைவியின் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா இப்படியா இருக்கும் மூஞ்சி? சொல்லுங்க."

"நாப்பத்தொண்ணு."

"எது?"

"உன்னோட தூக்கம். நாப்பத்தொண்ணு. என்னோட மோசமான நாளுக்குக்கூட அம்பதுக்குக் கீழே வந்ததில்ல." அவர் திரையைப் படித்தார். "உடல் தயார்நிலை மிகக் குறைவு. இன்று கவனம் தேவைப்படும் செயல்களைத் தவிர்க்கவும்."

"எனக்கு நல்லாத்தானே இருக்கு?"

"அப்படித்தாம்மா தோணும்."

டிரைவரம்மா உட்கார்ந்தார். ஒரு கொட்டாவி வந்தது. அது டீ ஆவி பட்டதால் வந்த கொட்டாவியாகவும் இருக்கலாம்; ஆனால் வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டாவது கொட்டாவி. தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "கண்ணு கொஞ்சம் எரியற மாதிரி இருக்கு" என்றார். டீ கோப்பையைத் தூக்கினார். கோப்பைக்குள் டீ மெல்ல அலையடித்தது.

"போன வருஷமும் அந்தக் கடைசி வளைவுல... அன்னிக்கும் சரியாத் தூங்கலையோ என்னவோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கோப்பையை வைத்துவிட்டார். "வேணாங்க. பதினெட்டு மீட்டர் வண்டி. போய் எதையாவது இடிச்சு, எல்லாரும் பார்க்க அவமானப்படறதுக்கு... டிப்போவுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்."

நாலு மாதத்தில் முதல் முறையாக ஒருவர் அந்தக் கடிகாரத்தைத் தராசுக்காரர் அளவுக்கு நம்பிவிட்டார். அவருக்கு வெற்றியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இல்லை. மனைவியின் கைகளையே பார்த்தார். சந்தைக்கடையின் குறுகல் தெருவில், இரு பக்கமும் தள்ளுவண்டி நிற்க, ஒரு தக்காளியைக்கூட நசுக்காமல் பஸ்ஸைத் திருப்புகிற கைகள் அவை. ஓர் எண்ணைக் கேட்டு அவை நடுங்குகின்றன. அந்த எண்ணை வாசித்தவர் அவர். அதைவிட, அந்த எண் எவ்வளவு பெறும் என்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் பத்து நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

டிரைவரம்மா கைப்பேசிக்குக் கை நீட்டினார். தராசுக்காரர் அதைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார்.

"கொஞ்சம் இரு" என்று உள்ளே போய், பையைத் தூக்கிவந்தார். பெட்டியைத் திறந்தார். ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து, வெறுங்கையால், விரல் ரேகையெல்லாம் பதிய, டீ கோப்பைக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தார்.

"இது தொண்ணூத்தொண்ணு."

டிரைவரம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன தொண்ணூத்தொண்ணு? ஒரு கிலோன்னு எழுதியிருக்கு."

"தூக்கம். என் கடிகாரத்தை இதுக்குக் கட்டிப் படுக்க வச்சேன். தொண்ணூத்தொண்ணு போட்டுச்சு. நாடித்துடிப்பு அம்பத்திரண்டு. ராத்திரியில ஒரு தடவை முழிச்சுக்கிச்சாம்."

அம்மாள் கல்லைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். "எப்போ?"

"போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை."

"அப்போ அந்த வெல்வெட் போர்வை..."

தராசுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"விறைச்சு விறைச்சுப் படுத்தது?"

"ம்."

"எட்டு மணிக்குமேல பேசாம இருந்தது?"

"அது பேசறதில்லையே" என்று கல்லைக் காட்டினார்.

முதலில் அம்மாளின் தோள்தான் குலுங்கியது. பிறகு சிரிப்பு வந்தது பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணீர் வழிய, "உங்களுக்கு முதுகு பிடிச்சிருக்குன்னு நான் ரெண்டு பாட்டில் தைலம் வாங்கி வச்சிருக்கேன்யா!" என்று சொல்லி, மறுபடியும் சிரித்தார். தராசுக்காரர் கொஞ்ச நேரம் கௌரவமாக உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து டிரைவரம்மா டீ கோப்பையை எடுத்தபோது அதில் அலை எதுவும் இல்லை. தன் கடிகாரத்தைக் கழற்றி எடைக்கல்லுக்குக் கட்டிவிட்டார். "நீயே வச்சுக்கோ. உனக்குத்தான் எடுப்பா இருக்கு" என்று அதற்குச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தராசுக்காரர் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போனார். டிப்போவின் கம்பி வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே ரெட்டை வண்டி பீப்பாய்களுக்கு இடையே நுழைந்து, வளைந்து, துருத்தி மடிந்து விரிய, கடைசி வளைவுக்கு வந்தது. போன வருஷம் உரசிய அதே பீப்பாய். பின்பக்கமாக எடுக்க வேண்டும். தராசுக்காரருக்கு இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது. மணிக்கட்டு அதிர்ந்தது. குனிந்து பார்த்தார். "நீங்கள் உடற்பயிற்சி தொடங்கிவிட்டதுபோல் தெரிகிறது. பதிவு செய்யட்டுமா?" என்று கேட்டது கடிகாரம்.

வாழ்க்கையில் முதல் முறையாக அதற்குப் பதில் சொல்லாமல் நிமிர்ந்தார். ஜன்னல் வழியே மனைவியின் முகம் தெரிந்தது. டிரைவரம்மா தாடை கழன்றுவிடும்போல ஒரு பெரிய கொட்டாவி விட்டார். விட்டுக்கொண்டே சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பதினெட்டு மீட்டர் வண்டியும் பீப்பாய்க்கு ஒரு சாண் இடம் விட்டு, உறைக்குள் கத்திபோல உள்ளே போய் நின்றது. தேர்வாளர் குறிப்பேட்டில் எதையோ எழுதிவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினார். தராசுக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு கைதட்டப் பார்த்தார்; இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தராசுக்காரர் பெருந்தன்மையோடு, "பார்த்தியா, நாப்பத்தொண்ணுங்கறதெல்லாம் சுத்தப் பொய். தள்ளுபடி பண்ண வேண்டிய கருவி" என்றார்.

"பொய்யெல்லாம் இல்லங்க" என்றார் டிரைவரம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "நேத்து ராத்திரி நான் நாலு தடவை எழுந்தேன்."

"நாலு தடவையா? ஏன்?"

"நீங்க அந்தப் போர்வைக்குள்ள பொணம் மாதிரி அசையாம கிடந்தீங்க. பயமா இருந்துச்சு. மூக்குக்கிட்ட விரல் வச்சு மூச்சு வருதான்னு பார்த்துட்டுப் பார்த்துட்டுப் படுத்தேன். பத்து நாளா இதே வேலைதான்."

அப்படியானால் கடிகாரம் அன்று ஒருநாள் மிகச் சரியாகத்தான் அளந்திருக்கிறது. அந்த அம்மாள் எப்படித் தூங்கினார் என்று சொன்னது. தூங்கவிடாதவர் பக்கத்திலேயே படுத்திருக்கிறார் என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை.

"நான் நல்லாத் தூங்கினேனா?" என்று கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"நேத்தா? கொறட்டை விட்டுத் தூங்கினீங்க, ரெண்டு மணிக்கு அப்புறம். என்கிட்ட கேட்டிருந்தா நாலு மாசமா தினமும் சொல்லியிருப்பேனே" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் டிரைவரம்மா அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். இறங்க வேண்டிய இடம் வந்தது. தராசுக்காரர் எழுப்பவில்லை, மணிக்கட்டு அந்த அம்மாளின் கன்னத்தில் இடிக்கிறதே என்று கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் கடைசி நிறுத்தம் போய்த் திரும்பி வரும்வரை எடைக்கல்லைவிட அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அந்த வீட்டில் ஆறு மணிக்குத்தான் விடிகிறது. வெல்வெட் போர்வையை மைத்துனர் கடையில் விரித்து அதன்மேல் கடிகாரங்களை அடுக்கியிருக்கிறார்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. தராசுக்காரர் திருந்திவிட்டாரா என்று கேட்டால், முக்கால்வாசி என்று சொல்லலாம். யாராவது "தூங்கினீங்களா சார்?" என்றால் பழக்கதோஷத்தில் சுட்டுவிரல் இன்னும் உயர்கிறது. ஆனால் "ஒரு நிமிஷம், வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்கிறார்.

நீங்கள் இவ்வளவு நேரமும் சிரித்துவிட்டு, வெறும் மணிக்கட்டை நீட்டிக் காட்டுகிறீர்கள். தெரிகிறது. நீங்கள் இந்த இனம் இல்லை. மழை பெய்கிறதா என்று ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாமல் கைப்பேசியைப் பார்ப்பவர் வேறு யாரோ. சாப்பிட்ட பண்டம் நன்றாக இருந்ததா என்று நாக்கிடம் கேட்பதற்கு முன் அந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுபவரும் வேறு யாரோ. நல்லது, உங்களிடம் கடைசியாக ஒரே ஒரு கேள்வி: இதைப் படித்தீர்களே, பிடித்திருந்ததா?

அது சரி, மற்றவர்கள் எத்தனை பேர் விரும்பியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா? பார்த்துவிட்டே சொல்லுங்கள். ஆனால் அந்தச் சுட்டுவிரலை முதலில் கீழே இறக்குங்கள்.